கணக்குப் போட்டால் நட்டம்தான். இருந்தும் பைக்கை விட மனசு வரமாட்டேங்குது, ஏன்?

பின்சீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 10.40

நேற்று ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. வீட்டுக்காரம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டார். "நீங்களே கூட்டிப் பாருங்க."

அப்பா 1991-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆர்.சி. அடுத்த மாதம் முடிகிறது, மறுபடியும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். விற்பதாக இருந்தால் இதுதான் நேரம் என்பது வீட்டுக்காரம்மா கட்சி.

எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாலாவது பதிலிலேயே பேச்சு "உன் வண்டி பெருசா என் வண்டி பெருசா" என்று திரும்பிவிடும்.

கூட்டிப் பார்த்தேன். மாதம் 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 30 கொடுக்கிறது, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்குப் பெட்ரோல் மட்டும் 24,240. ஆயில் மூன்று தடவை 1,500. பின் டயர் 2,800. செயின் ஸ்ப்ராக்கெட் 1,900. பிரேக் ஷூ, கேபிள், பல்பு எல்லாம் சேர்த்து 1,600. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வரியோடு 1,612. மெக்கானிக் கூலி 5,000. இருபது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் மறுபதிவுக் கட்டணம் மட்டும் 2,000. மொத்தம் 40,652.

குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்குத்தான் ஆபீஸ். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் வருஷம் 12,000. மின்சார ரயிலில் சீசன் எடுத்தால் அதைவிடக் குறைவு. மழையில் நனைய வேண்டாம், வெயிலில் காய வேண்டாம், உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம்.

வாயைத் திறக்க முடியவில்லை. "அப்பா ஞாபகம்" என்றேன். "அப்பா போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கு, அதுக்குப் பெட்ரோல் போடறதில்லையே" என்கிறார்.

நியாயமாகச் சொல்லுங்கள். இதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்? "சுதந்திரம்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

கொல்லிமலை70 | ஞாயிறு, இரவு 11.05

புல்லட்தானே?

சரி, விடுங்கள். நான் நாமக்கல். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருப்பார்கள். பஸ்ஸிலும் ஏறியிருக்கிறேன், காரிலும் ஏறியிருக்கிறேன். பஸ்ஸில் பாதி வழியில் பக்கத்து ஆள் வாந்தி எடுப்பார். காரில் நாமே எடுப்போம். பைக்கில் மட்டும்தான் முப்பதாவது வளைவு எது, நாற்பதாவது எது என்று உடம்புக்குத் தெரியும். ஒரு இடத்தில் சட்டைக்குள் திடீரென்று குளிர் இறங்கும். போர்டைப் பார்க்காமலேயே எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவேன்.

இதை உங்கள் நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

பஸ்_பாஸ் | திங்கள், காலை 7.20

பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் எந்தக் கட்சி என்று. இதை இப்போது 70 நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி ஓட்டுகிற யாராலும் இந்த நேரத்தில் பதில் எழுத முடியாது (எழுதினால் இன்னும் மோசம்).

உங்கள் மனைவி சொல்வது சரி. நாற்பதாயிரத்தில் முக்கால்வாசி மிச்சம். கொல்லிமலைக்காரர் சொல்வது வருஷத்துக்கு மூன்று நாள் சுகம். மீதி 362 நாளும் கிண்டி பாலத்தடியில் லாரிப் புகை. மூன்று நாளுக்கு வேண்டுமானால் வாடகைக்கு எடுத்துப் போய்விட்டு வாருங்களேன்.

பன்னண்டு_பதிமூணு | திங்கள், மதியம் 2.15

சார் நான் மெக்கானிக். இருபத்தியாறு வருஷமா இதே தொழில். பேரு என்னன்னு கேக்காதீங்க, எப்பவும் கையில இருக்கிற ஸ்பேனர் சைஸ்தான் பேரு.

என் கடைக்கு வர்ற புது வண்டியெல்லாம் பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகுது. அதை ஓட்டறவங்க மூணு நாலு வருஷத்துல மாத்திடுவாங்க. ஒரு வார்த்தை சொல்லிக்க மாட்டாங்க, வண்டி போயிடும். பழைய வண்டிக்காரன் அப்படியில்ல. மாசத்துக்கு ரெண்டு தடவை தள்ளிக்கிட்டு வருவான், திட்டுவான், "இந்த சனியனை இந்த வாரமே குடுத்துடறேன்"னு சொல்லுவான். பதினஞ்சு வருஷமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கிற ஆளுங்க எனக்கு ஏழெட்டு பேர் இருக்காங்க.

நான் பார்த்த வரைக்கும் ஒண்ணு சொல்றேன். கார்புரேட்டர் வண்டியில காலையில சோக்கு எவ்வளவு இழுக்கணும், எத்தனாவது உதையில எழுந்துக்கும், குளிர்ல எப்படி, மழையில எப்படின்னு அந்த ஓனருக்கு மட்டும்தான் தெரியும். வேற யாராவது வந்து உதைச்சா எழுந்துக்காது. அதுல ஒரு கர்வம் சார் அவங்களுக்கு. வண்டி மக்கர் பண்றது அவங்களுக்கு உள்ளுக்குள்ள புடிச்சிருக்கு. வெளிய சொல்ல மாட்டாங்க.

பிளக்கைக் கழட்டிப் பார்ப்பேன். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கறுப்பா மசி புடிச்சிருந்தா ஜாஸ்தி, காபிப்பொடி கலர்ல இருந்தா சரியா எரியுது. காபிப்பொடி கலரைக் காட்டினா ஓனர் மூஞ்சியைப் பார்க்கணுமே. புள்ள பத்தாவதுல பாஸான மாதிரி இருக்கும்.

பின்சீட்டுக்காரன் | திங்கள், இரவு 9.50

மெக்கானிக் சார், மானத்தை வாங்காதீர்கள். நாலாவது உதை. குளிர்காலத்தில் ஆறாவது.

பஸ்_பாஸ் சொன்ன வாடகை யோசனையைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வேறு வண்டியில் திண்டிவனம் வரை போனேன். நல்ல வண்டி, ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து சாவியைக் கொடுத்ததும் மறந்துவிட்டேன்.

அப்பாவோடு பின்சீட்டில் போனது அப்படி மறக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் சொந்த ஊருக்குப் போவோம். அவர் முதுகு மறைக்கும், முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் ஊரை மூக்கால்தான் தெரிந்துகொண்டேன். படாளம் சர்க்கரை ஆலை அரவைக் காலத்தில் ஒரு கொழகொழ இனிப்பு வாடை வரும், ஒரு கிலோமீட்டருக்கு விடாது. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் காதில் ஜில்லென்று அடித்தால் மதுராந்தகம் ஏரிக்கரை வந்துவிட்டது என்று அர்த்தம். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் காற்று சூடாக இருக்கும். "இந்த வருஷம் ஏரி காய்ஞ்சிடுச்சா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திக் கேட்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

இப்போது அதே வழியில் காரில் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டுப் போகிறவர்களுக்குப் படாளம் ஒரு போர்டு. அவ்வளவுதான்.

கோணக்கணக்கு | செவ்வாய், காலை 6.30

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வாசனை, குளிர் எல்லாம் சரிதான், ஆனால் அது ஆட்டோவிலும் கிடைக்கும். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் உரியது சாய்வு.

கார் வளைவில் திரும்பும்போது உங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். கதவைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பைக் வளைவுக்குள் சாய்கிறது, அதனால் உங்கள் எடை எப்போதும் சீட்டுக்குள் நேராக இறங்குகிறது. பக்கவாட்டில் தள்ளுகிற உணர்வே கிடையாது. விமானம் திரும்புவதும் இப்படித்தான்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு: வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 27 டிகிரி. இதில் வண்டியின் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டிவிஎஸ் 50 ஆனாலும் சரி, இருநூறு கிலோ வண்டியானாலும் சரி, டயர் பிடித்தால் அதே 27 டிகிரிதான்.

இன்னொன்று. வேகமாகப் போகும்போது இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளுகிறோம். அதாவது முன் சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்புகிறது, வண்டி இடப்புறம் சாய்கிறது. இதை வகுப்பில் சொன்னால் பைக் ஓட்டுகிற பையன்களே நம்ப மாட்டார்கள். தினமும் செய்கிறார்கள், தெரியாமல் செய்கிறார்கள். மூளைக்குத் தெரியாத ஒரு கணக்கைக் கையும் இடுப்பும் போட்டு விடை சரியாக வருகிறது. அந்தச் சரியான விடைதான் சுகம் என்று நினைக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வேறு எதிலும் அது கிடைப்பதில்லை.

பஸ்_பாஸ் | செவ்வாய், காலை 7.35

சார், விடை தப்பாக வந்தால்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் நேற்று விட்டேன். என் சித்தப்பா மகன், 2014, வயது 23. வளைவுகூட இல்லை, நேர் ரோடு. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு வேன் எதிர்த் திசையில் ஏறி வந்தது. ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டாங்கின் மேல். எனக்கு போன் வந்தபோது அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சும்மா ஒரு ரவுண்டு.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். உங்கள் மனைவியின் நோட்டில் இந்த வரி இல்லை. அவர் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணக் கணக்கு சும்மா மேலே போட்ட துணி.

நீங்கள் எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். அவனும் நன்றாகப் பேசுவான், பைக்கைப் பற்றி.

கொல்லிமலை70 | செவ்வாய், காலை 9.10

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் ஹெல்மெட்டை 2015-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் பதினோரு வருஷம் முட்டாள்தனமாக ஓட்டியிருக்கிறேன். தப்பித்தது திறமையால் இல்லை.

ஒன்று மட்டும் செய்வேன். எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது.

இரவு_டெலிவரி | புதன், அதிகாலை 1.50

எல்லாருக்கும் வணக்கம். நான் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு 120, 130 கிலோமீட்டர். உங்களுக்கு வேணும்னா அது சாய்வு, ஏரிக்காத்து. எனக்கு இடுப்பு வலி.

பிடிக்கும்னு யாராவது சொன்னா சிரிப்பு வருது. உழவு மாட்டை உழறவன் பாசமா பார்ப்பான், அது வேற. ஆனா உழவுக்குப் போறதை ஜாலின்னு சொல்ல மாட்டான். டயர் தேஞ்சா மாத்தற காசு ரெண்டு நாள் சம்பாத்தியம். மழையில ஆர்டர் கூட வரும், அதுக்காகவே மழையில போகணும். பாலிதீன் கவருக்குள்ள போனை வச்சுக்கிட்டு மேப் பார்க்கணும். வேளச்சேரியில முட்டி அளவு தண்ணியில சைலன்சருக்குள்ள தண்ணி போகாம ஆக்சிலேட்டரைப் புடிச்சுக்கிட்டே கடக்கணும். நின்னுட்டா முடிஞ்சுது.

ஒரு நாள் லீவு கிடைச்சா வண்டியைத் தொடக்கூட மாட்டேன். பஸ்ஸுல ஊருக்குப் போவேன், ஜன்னல் சீட்டு. பஸ்_பாஸ் அண்ணன் கட்சி.

ஆனா ஒண்ணு சொல்லணும், பொய் சொல்லக் கூடாது. ஊர்ல மாமாகிட்ட ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் இருக்கு. ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்ற கொக்கி, முன்னாடி மாட்டுத்தீவனம் வைக்கிற இடம். சாயந்திரம் அதை எடுத்துக்கிட்டு வாய்க்கால் கரையில சும்மா போயிட்டு வருவேன். முப்பதைத் தாண்டாது. ஏன் போறேன்னு தெரியல. யாரும் டைமிங் பார்க்கலை, அதனாலயோ என்னமோ.

கியர்வண்டி_டீச்சர் | புதன், மாலை 5.30

புதுக்கோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியை. இதுவரை எழுதிய எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். "ஏன் பிடிக்கிறது" என்ற கேள்வியே எங்களுக்கு வேறு.

எங்கள் அம்மா 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். எங்கள் மாவட்டத்தில் அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கிண்டல் செய்தவர்கள் எல்லாம் அப்புறம் அதே பெண்களைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பினார்கள், அது தனிக் கதை. அம்மா சொல்வார்: அதுவரை சந்தைக்குப் போக யாராவது கூட்டிப்போக வேண்டும், பஸ் வரும் நேரத்துக்கு வேலையை முடிக்க வேண்டும். சைக்கிள் வந்தபிறகு "நான் வந்துடறேன், நீ போ" என்று முதல் தடவை சொன்னாராம்.

நான் கியர் பைக் ஓட்டுகிறேன். ஸ்கூட்டர் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 25,000 ரூபாய் மானியம் கொடுத்தபோது எங்கள் பள்ளியிலேயே இரண்டு பேர் வாங்கினார்கள். கியர் வண்டி என்றால் மட்டும் பெட்ரோல் பங்கில் "சார் வண்டியா மேடம்?" என்பார்கள். மெக்கானிக் கடையில் நான் கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்வேன், பக்கத்தில் நிற்கும் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அவருக்கு சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது. (பன்னண்டு_பதிமூணு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைச் சொல்லவில்லை.)

செலவு, தொந்தரவு என்று நீங்கள் பட்டியல் போடுவது எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைத் தவறவிட்டால் ஐந்து கிலோமீட்டர் நடை. சென்னையில் உட்கார்ந்து பஸ் பாஸ் கணக்குப் போடுகிறவர்கள் அந்த இரண்டு பஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பஸ்_பாஸ் | புதன், மாலை 6.15

ஒத்துக்கொள்கிறேன், டீச்சர். நான் சொன்னது பஸ் இருக்கிற ஊருக்கு மட்டும்.

சோழவரம்_பார்த்தவன் | புதன், இரவு 8.40

எழுபது தாண்டியாயிற்று, மெதுவாகத்தான் டைப் அடிப்பேன்.

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். வெயிலில் வரப்போரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான டிராக் வந்தது. வசதிகள் நிறைய. சோழவரத்துப் புழுதி இல்லை.

சொல்ல வந்தது வேறு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டு என்ற இங்கிலாந்துக் கம்பெனியும் கைகோத்தார்கள், அடுத்த வருஷம் திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கடையை மூடிய பிறகும் இங்கே நிற்கவில்லை. மைசூரில் 1961-லிருந்து ஜாவா, பிறகு எஸ்டி என்று பெயர் மாற்றி. 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100. அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. அதன் விளம்பரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்: பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு.

நாடு முழுக்க அதைத்தான் வாங்கினது. நானும் வாங்கினேன். லிட்டருக்கு எண்பது கிடைக்கும் என்றால் யார் விடுவார்கள்? மைசூர் ஆலையும் 1996-ல் நின்றது, ஆர்எக்ஸ் 100-ம் 1996-ல் நின்றது. டூ ஸ்ட்ரோக் காலம் மெல்ல முடிந்தது.

இப்போது பாருங்கள். மறந்துவிடு என்று சொன்ன வண்டியை நிஜமாகவே மறந்துவிட்டோம். என் சிடி 100 எந்தக் காயலான் கடைக்குப் போயிற்று என்று எனக்கே தெரியாது. இருபது வருஷம் ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் நிறுத்தாத வண்டி! புகை கக்கி, எண்ணெய் குடித்த ஆர்எக்ஸுக்கு இன்று லட்சத்துக்கு மேல் கொடுக்கிறார்கள். இது நன்றிகெட்ட உலகம் என்று தோன்றும் எனக்கு.

யாழ்_வடக்கு | வியாழன், காலை 8.00

நான் யாழ்ப்பாணம். உங்கட சண்டையை நாலு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

தொண்ணூறுகளில எங்களுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. மண்ணெண்ணெய் மட்டும் எப்பிடியோ கொஞ்சம் கிடைக்கும். அப்பாவிட்ட ஒரு சின்ன ஜப்பான் மோட்டச்சைக்கிள். ஒரு குட்டிப் போத்தலில பெற்றோல், அதில இருந்து சேலைன் குழாய் கார்புரேட்டருக்கு. நாலு சொட்டு விட்டு உதைச்சு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னால வெள்ளைப் புகை, வீட்டுக்குள்ள இருந்தாலே அப்பா சந்தியில வாறார் எண்டு மணக்கும். நிப்பாட்டினால் திரும்பப் பெற்றோல் சொட்டு வேணும். அதால ஆரோடயும் கதைக்கிறதெண்டால் இஞ்சினை நிப்பாட்டாமலே கதைப்பார். அந்தச் சத்தத்துக்கு மேலால கத்திக் கத்தியே அவருக்குப் பிறகு மெல்லமாக் கதைக்கத் தெரியாமல் போயிட்டுது.

பிறகு 2020-ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். பழைய வண்டி விலை புது வண்டியைவிடக் கூடிப் போச்சு. 2022-ல பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் குறியீட்டில பங்கீடு. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அப்ப நான் என்ன செய்தனான் தெரியுமோ? நாலு லீற்றரில அரை லீற்றரைப் பக்கத்தில எடுத்து வச்சு, சனிக்கிழமை பின்னேரம் கடற்கரை ரோட்டால ஒரு சுத்து. அலுவலுக்கே காணாத நேரத்தில. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தவர். ஒண்டும் சொல்லேல்ல.

பன்னண்டு_பதிமூணு | வியாழன், மதியம் 3.00

யாழ்ப்பாணத்து அண்ணா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்பேனரைக் கீழ வச்சிட்டேன்.

பின்சீட்டு சார், வைக்கறதா இருந்தா ஒரு விஷயம். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். பழைய வண்டி ரப்பர், டாங்க் எதுவும் அதுக்குன்னு செஞ்சதில்ல. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ரெண்டு மூணு வாரம் ஓட்டாம நிறுத்தினா கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில தண்ணி சேரும், ஜெட்டு அடைக்கும், ஃப்யூல் ஹோஸ் உப்பிப்போகும். நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் நாப்பை மூடிட்டு இஞ்சின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கிண்ணம் காலியாயிடும். ஹோஸ் வருஷத்துக்கு ஒண்ணு மாத்துங்க, நூறு ரூபாய்கூட ஆகாது.

மொத்தத்துல ஓட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தி வச்சு அழகு பார்த்தாதான் வண்டி சாகும்.

பின்சீட்டுக்காரன் | சனி, மாலை 4.20

நேற்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டு வந்தேன்.

புகைச் சான்றிதழ் கிடைத்தது. இண்டிகேட்டர் எரிந்தது. சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் படி எடுக்க வேண்டும், முப்பது வருஷத்து எண்ணெய் அழுக்குக்கு அடியில் இருக்கிறது, மண்ணெண்ணெய்த் துணியால் அரை மணி நேரம் தேய்த்தேன். கடைசி நம்பர் வெளியே வந்தபோது அதற்கு மேல் சின்னதாக ஒரு கீறல். 1996-ல் நான் திருகாணியால் என் இனிஷியலை எழுதப் பார்த்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம். "ர" பாதியில் நிற்கிறது.

ஆய்வாளர் வந்தார். ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார். நாலாவது உதை, இல்லை. ஆறாவது, இல்லை. ஒன்பது, பத்து. வரிசையில் பின்னால் நின்ற பையன் புது வண்டியின் பட்டனை அமுக்கி அமுக்கிக் காட்டுகிறான். பதினான்காவது உதையில் செருப்பு கழன்று பறந்தது. பெட்ரோல் நாப் மூடியிருந்தது. மெக்கானிக் சார் பேச்சைக் கேட்டு, வந்து நிறுத்தியதும் அதை மூடி இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டது நான்தான்.

திறந்தேன். முதல் உதை.

ஐந்து வருஷம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பின்சீட்டுக்காரன் | சனி, இரவு 9.30

வணக்கம். இதை எழுதுவது அவர் இல்லை, நோட்டுக்காரி. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். ஒரு வாரமாகப் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார், என்ன ஏது என்று பார்த்தேன். என்னை வில்லியாக்கி வைத்திருக்கிறார்.

முதலில் கணக்கு. 40,652 என்பது அவர் கூட்டினது. அவர் விட்டது: மார்ச்சில் கார்புரேட்டர் 3,800. செங்கல்பட்டுப் பக்கம் நின்றுபோய் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தது 1,500. சைலன்சரில் பொசுங்கிய பேன்ட் இரண்டு, அதில் ஒன்று எங்கள் கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

பஸ்_பாஸ் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு இருட்டில் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு போவார். நான் தூங்குவதாக நினைப்பு. திரும்பி வந்து ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குத் தூக்கமே வரும். இதை அவரிடம் சொன்னதில்லை. நோட்டில் எழுத முடியாதில்லையா, அதனால் பெட்ரோலை எழுதினேன்.

விற்கச் சொல்லவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். மாமா இருந்தபோது என்னையும் அந்த வண்டியில்தான் பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு பேரும். பின்னால் உட்கார்ந்து வந்தவர்தான் மாப்பிள்ளை. "பின்சீட்டுக்காரன்" என்று இன்னமும் பெயர் வைத்துக்கொண்டு இருக்கிறார். ஆறு வருஷமாகப் பின்சீட்டில் யாரும் உட்காரவில்லை. உட்கார முடியாது, பின்னால் கால் வைக்கிற இடத்தில் ரப்பர் இல்லை, வெறும் இரும்பு, வழுக்குகிறது. பத்து தடவை சொல்லியாயிற்று. தனக்கு வேண்டிய கேபிள் எல்லாம் மாற்றத் தெரிகிறது.

ஏரிக்காற்று, சர்க்கரை ஆலை வாசனை எல்லாம் இங்கே எழுதினதைப் படித்துத்தான் எனக்கே தெரியும்.

கியர்வண்டி_டீச்சர் | சனி, இரவு 9.50

அக்கா, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்!

பன்னண்டு_பதிமூணு | சனி, இரவு 10.05

அம்மா, பின் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ஜோடி இருநூறு ரூபாய்க்குள்ள. ஜி.பி. ரோட்டுல கிடைக்கும், கிடைக்கலைன்னா புதுப்பேட்டையில தேடி நானே எடுத்துத் தர்றேன். கூடவே சேலை கார்டும் பார்த்துடறேன். என்ன வண்டின்னு மட்டும் சொல்லுங்க, சைஸ் வேற வேற.

பின்சீட்டுக்காரன் | சனி, இரவு 10.12

அதைச் சொல்ல மாட்டேன் என்று அவர் ஊருக்கே சொல்லியிருக்கிறாரே அண்ணா. காலையில் அளந்து அனுப்புகிறேன்.